வேண்டுதல் இல்லாத பயணம்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஞானாம்பாள் புருஷனோடு போகாத ஊரே இல்லை என்று மரக்காணத்தில் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது? பிள்ளை வரம் கொடுக்கிற அம்மன், பிள்ளை வரம் கொடுக்கிற முருகன், தொட்டில் கட்டுகிற அரசமரம், திண்டிவனம் பக்கத்தில் நாடி பிடித்துப் பார்க்கிற வைத்தியர், புதுச்சேரியில் ஒரு லேடி டாக்டர். எங்கே போனாலும் கையேந்தத்தான் போனாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளமாட்டார்கள்.

அந்த லேடி டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட ஒரு கோளாறும் இல்லம்மா. அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, அவருக்கும் டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்" என்றார். புருஷன் தெய்வசிகாமணி அப்போது ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் "உப்பு வார்ற நேரத்துல எனக்கு ஆஸ்பத்திரி ஒரு கேடா?" என்றான். உப்பு வாரி முடிந்தது, மழை வந்தது, உப்பளத்தில் மறுபடியும் பாத்தி கட்டினார்கள், மறுபடியும் வாரினார்கள். டெஸ்ட் மட்டும் எடுக்கவில்லை. ஞானாம்பாளும் இதை ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. மாமியார் லட்சுமியம்மாள் நாலு பேர் எதிரில் "என் மருமவளுக்கு வயிறு தொறக்கல" என்று மூக்கைச் சிந்தும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் மானம்தான் தன் மானம் என்று நினைக்கிற ஜென்மம். இப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் மற்றவர்களுக்கு எவ்வளவு சவுகரியம்!

இப்படிப்பட்டவளுக்கு இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் ஓர் ஆசை வந்தது. மழைக்கு முன்னால் உப்பை அம்பாரம் கட்டிப் பனையோலை போட்டு மூடுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. உப்பளத்து மண் ரோட்டில் ஆரோவில் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் நடந்து வந்தார்கள். தண்ணீரில் நிற்கிற பறவைகளைப் பார்த்தார்கள், எதையோ சொல்லிச் சிரித்தார்கள், போய்விட்டார்கள்.

"எங்க போறாங்க தம்பி?" என்று கொழுந்தன் தமிழரசனைக் கேட்டாள். அவனுக்கு ஆரோவிலில் ஆபீஸ் வேலை. இவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடத்துப் பையன். இவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"எங்கயும் போவல அண்ணி. சும்மா நடக்கறாங்க. ரெண்டு நாள் லீவு போட்டு, ஊர் பாக்கறது, நடக்கறது, அவ்ளோதான்."

சும்மா. அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. யாரிடமும் எதையும் வேண்டிக்கொள்ளாமல், மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்காமல், புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஊருக்குச் சும்மா போய் வந்தால் எப்படி இருக்கும்? கேட்டால் சிரிப்பான் என்றுதான் நினைத்தாள். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "போவலாமே. மழை புடிக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். எங்க போவலாம்னு நீயே சொல்லு" என்றான்.

நீயே சொல்லு! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படியில் நின்றபடியே பயணத்துக்குத் திட்டம் போட்டாள். முதல் நாள் காலையில் ஆலம்பரைக் கோட்டை. இடிந்த சுவர் ஓரமாக நடந்துவிட்டு, கழிமுகத்தில் படகில் ஒரு சுற்று. சாயங்காலம் புதுச்சேரி போய் ஒரு லாட்ஜில் தங்கி, விடிந்ததும் கடற்கரை ரோட்டில் நடை. வானூர்ப் பக்கம் எங்கேயாவது கூத்து நடந்தால் உட்கார்ந்து பார்ப்பது. கடைசியாகப் பெருமுக்கல் மலை. மேலே ஏறி நின்றால், வானம் தெளிந்திருக்கும் நாளில் உப்பளமும் அதற்கப்பால் கடலும் தெரியும் என்று தமிழரசன் சொல்லியிருந்தான். பன்னிரண்டு வருஷம் அந்த உப்பளத்துக்குள்ளேயே கிடந்து வெந்தாயிற்று. ஒரே ஒருமுறை அதை மேலே இருந்து முழுசாகப் பார்க்க வேண்டும். இதைப் போய் யாரிடம் சொல்வது? மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

பயணம் நெருங்க நெருங்கத் தேய ஆரம்பித்தது. "லாட்ஜ்லாம் எதுக்கு, வீடு இருக்கும்போது?" என்றான். லாட்ஜ் போயிற்று. "கோட்டையில என்னா இருக்குது, இடிஞ்ச செங்கல்லு. அடுத்த தடவை பாத்துக்கலாம்." கோட்டையும் படகும் போயின. மலையை மட்டும் அவன் தொடவில்லை. சொல்லப்போனால் மலை என்றதும் அவனுக்கே ஒரு வேகம் வந்தது. "ஐப்பசி அன்னாபிஷேகத்தன்னிக்கே போவலாம். மேல சிவன் கோயில்ல விசேஷமா இருக்கும்" என்றான். அன்னாபிஷேகம் என்றதும் அவள் முகம் சுருங்கியது. சிவலிங்கத்துக்குச் சாத்திய அந்தச் சோற்றைத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்று ஏற்கெனவே இரண்டு கோயில்களில் தின்றாயிற்று. பிறகு மாமியாரும் வருகிறேன் என்றாள். தமிழரசனையும் கூட்டிக்கொள்ளச் சொன்னாள். வாடகைக்கு அம்பாசிடர் பேசினார்கள். மலையாவது மிஞ்சியதே என்று ஞானாம்பாள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அன்று காலை பஸ் ஸ்டாண்டில் மல்லிகை வாங்கி வாழையிலையில் சுற்றிக்கொண்டாள். ஏறும்போது வியர்வையில் வாடிவிடும், மேலே போய் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். வானம் அபூர்வமாகத் தெளிந்திருந்தது. படி ஏறும்போது காற்று முகத்தில் அடித்தது. பின்னால் வந்த புருஷனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். பாவி, அவனும் சிரித்தான்.

மேலே அபிஷேகம் முடிந்து, மந்தாரை இலையில் ஆளுக்கு ஒரு பிடி சோறு கொடுத்தார்கள். லட்சுமியம்மாள் தன் பங்கையும் மருமகள் இலையில் போட்டு, "இங்கயே துன்னாத. கொஞ்சம் உக்காந்துட்டுத் துன்னலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

பாறை நிழலில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. வானூர்ப் பக்கத்துத் தட்சணாமூர்த்தி, அவர் மனைவி அஞ்சம்மாள், மகள் இலக்கியா. பெண்ணுக்கு முப்பதை ஒட்டிய வயது. ஜாதகத்தில் ஏதோ தோஷமாம், தள்ளிக்கொண்டே போய்விட்டதாம். மலை ஏறப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். தலை மட்டும் பூ இல்லாமல் இருந்தது. ஞானாம்பாளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. கோயிலில் தற்செயலாகச் சந்திக்கிற மாதிரி பெண் பார்ப்பது இந்தப் பக்கத்து வழக்கம்தான். பிடிக்காமல் போனால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. ஓஹோ, தமிழரசனுக்கா! வயது கொஞ்சம் கூடத்தான், இருந்தால் என்ன?

"என்னா தம்பி, அண்ணிகிட்டயே மறைச்சிட்டீங்களே!" என்று அவன் காதோரம் கிண்டலடித்தாள்.

"அண்ணி... அதில்ல..." என்று அவன் முழுங்கினான். செல்போனை எடுத்து, "இங்க சிக்னலே இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். வெட்கப்படுகிறான் என்று இவள் சிரித்துக்கொண்டாள்.

காபியை பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். லட்சுமியம்மாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஞானம், பொண்ணு எப்டி இருக்கறா? நீதான் சொல்லணும். உன் வாயால சொன்னாதான் மேல பேசுவோம்" என்றாள்.

அந்த வீட்டில் எந்த விஷயத்திலும் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஞானாம்பாளுக்குக் கண் கலங்கியது. இலக்கியாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது.

"மகாலட்சுமி மாதிரி இருக்கறா அத்தை. எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது. நம்ம வூட்டுக்கு வந்தா என் கூடப்பொறந்த தங்கச்சியாட்டம் பாத்துக்குவேன்."

"அப்ப உன் கையாலயே பூ வச்சி வுடு."

மாப்பிள்ளை வீட்டுச் சுமங்கலி பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பெண் இனி அந்த வீட்டுக்குத்தான். ஞானாம்பாள் தனக்கென்று வாங்கிய மல்லிகையை வாழையிலையிலிருந்து எடுத்தாள். அதில் பாதியைத் தனக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்து, பிறகு முழுவதையும் பெண்ணின் பின்னலில் சூட்டினாள்.

தட்சணாமூர்த்தி துண்டைத் தோளிலிருந்து எடுத்து, அவளைப் பார்த்துக் கும்பிட்டார். 

"அம்மா, இந்த மனசு யாருக்கு வரும்? ரெண்டாந்தாரமா குடுக்கறதுன்னா மொத சம்சாரம் சம்மதிக்கணும், அவங்க கையாலயே பூ வைக்கணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். நாளைக்கு எம் பொண்ணு கண்ணக் கசக்கிட்டு வரக்கூடாது பாருங்க. ஒரு வாரிசுக்காகப் புருஷனையே பங்கு போட்டுக் குடுக்கறீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

ஞானாம்பாள் சிரித்த முகத்தோடு இருந்தாள். வார்த்தைகள் உள்ளே இறங்க நேரம் பிடித்தது. தமிழரசன் இருந்த இடத்தைப் பார்த்தாள். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல், முதுகைக் காட்டி நின்றான். புருஷனைப் பார்த்தாள். தெய்வசிகாமணி புதுச்சட்டை போட்டிருந்தான். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சட்டைதான். சும்மா போகிற பயணத்துக்குப் புதுச்சட்டை எதற்கு என்று இப்போதுதான் உறைத்தது.

இலக்கியா குனிந்த தலை நிமிராமல், "அக்கா, உங்களுக்குத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

  இத்தனை வருஷமாக ஞானாம்பாள் எந்த வாயை மூடி வைத்திருந்தாளோ, அந்த வாய் திறந்துகொண்டது. சோற்று இலையை எடுத்துக்கொண்டு எழுந்து புருஷன் முன்னால் போனாள். நீட்டினாள். பிரசாதம் என்றதும் அவன் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

"நீங்க துன்னுங்க. எங்கிட்ட கோளாறு ஒண்ணும் இல்ல, உங்களைத்தான் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வரணும்னு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. உப்பு வாரணும்னு நீங்க வரல. இந்தச் சோறு வேண்டியது உங்களுக்குத்தான்."

 தெய்வசிகாமணியின் முகம் கறுத்தது. தட்சணாமூர்த்தி அவனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், துண்டின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து மடித்தார். ஒரு நொடி எல்லாம் உடைந்துவிட்டது போலத்தான் இருந்தது.

லட்சுமியம்மாளா விடுவாள்? "வயித்தெரிச்சல்ல ஒளறறா, காதுல போட்டுக்காதீங்க. பூ வச்சது யாரு? அவ கைதானே? பொண்ணு தலையில ஏறின பூவ எடுத்துடுவீங்களா?"

தட்சணாமூர்த்தி மெதுவாகத் தலையை ஆட்டினார். முப்பது வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கிற தகப்பனுக்கு எது காதில் விழும், எது விழாது? அஞ்சம்மாள் மகளின் பின்னலில் சரிந்திருந்த பூவை நேராக்கி வைத்தாள். இலக்கியா மட்டும் தெய்வசிகாமணியின் கையிலிருந்த சோற்று இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞானாம்பாள் திரும்பிப் படியில் இறங்கினாள்.

"ஏய், எங்க போற?" என்றான் புருஷன்.

அவள் நிற்கவில்லை. பின்னால் யாரும் வரவில்லை. தமிழரசன் வருவான் என்று கொஞ்ச தூரம் காதைத் தீட்டிக்கொண்டே இறங்கினாள், அவனும் வரவில்லை. செருப்பை மேலேயே விட்டு வந்திருந்தாள். படிக்கல் காலைச் சுட்டது.

அடிவாரத்தில் அம்பாசிடர் டிரைவர் புளியமர நிழலில் படுத்திருந்தவன், எழுந்து உட்கார்ந்தான்.

"என்னக்கா, அதுக்குள்ள எறங்கிட்டீங்க? இன்னிக்கு வானம் சுத்தமா இருக்குதே, மேலேந்து உப்பளம்லாம் பளிச்சுனு தெரிஞ்சிருக்குமே. பாத்தீங்களா?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. அதைப் பார்க்கத்தான் வந்தாள். மேலே இருந்த அத்தனை நேரத்தில் ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப ஏறிப் போய்ப் பார்க்கவும் முடியாது. அங்கே அவள் புருஷனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.