மெஷின் வயலைவிட்டு ஏறும்வரை

அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அண்ணனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆட்கள் வருகிறார்களாம். மொட்டைமாடிச் சாவி அவளிடம் மாட்டிக்கொண்டதாம். கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே போன் செய்து, பாதிக் கோபமும் பாதிக் கெஞ்சலுமாகப் பேசினாராம்.

"அந்த மனுஷன் ஒரு நாள் குளிக்கலேன்னா கட்டடமே தாங்காதுண்ணே," என்றாள்.

அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ஒருவரை இருந்துதான் போகவேண்டும் என்று அழுத்திச் சொல்ல முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் கணவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி வீட்டில் முகத்துக்கு நேரே மாப்பிள்ளை, முதுகுக்குப் பின்னால் செக்கர். வேலை பார்த்த காலமெல்லாம் பொய் சொன்னவர்களைப் பிடித்தவருக்கு வாய்த்தது இப்படி ஒரு பொய்க்காரி. அவர்கள் கட்டடத்து மொட்டைமாடிக்குச் சாவியும் கிடையாது, பூட்டும் கிடையாது.

அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை செய்தவள். டாக்டர் இன்னும் வீட்டில் சவரம் செய்துகொண்டிருக்கும்போதே "பாலத்தைத் தாண்டிட்டாராம்" என்று சொல்லி, வீங்கிய கன்னங்களோடு வந்தவர்களை உட்காரவைப்பாள். உட்கார்ந்தவர்களுக்கு அதிலேயே பாதி வலி குறைந்துவிடும். கல்யாணமான புதிதில் செக்கருக்கு இது பெரிய எரிச்சலாக இருந்தது. இவளுடைய பொய்யால் யாராவது எதையாவது இழந்திருக்கிறார்களா என்று தொழில் புத்தியோடு தேடிப் பார்த்தார். ஒரு கேஸ்கூடக் கிடைக்கவில்லை. பிறகு நல்ல பாட்டுக்காரியைக் கேட்பதுபோல அவளைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னைக்கு ஒரு நாள் இருந்து அறுப்பைப் பாத்துட்டுப் போயிருக்கலாம்," என்றார் அண்ணன் மறுபடியும்.

"அரிசியா வந்து வீட்டுக் கதவைத் தட்டும்போது பாத்துக்கறேன். நீ போ, மேகத்தைப் பாரு."

அந்தப் பக்கத்துக்கே கதிர் அறுக்கும் மெஷின் ஒன்றுதான். அது முறை வைத்து வயல் வயலாக வரும். முறை வரும்போது தயாராக இல்லாதவன் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். கடைசி ஆள்வரை எந்த வருஷமும் மெஷின் நின்றதில்லை. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் முற்றி நின்ற கதிரை மழை சாய்த்து, மண்ணிலேயே முளைக்க வைத்துவிட்டது. இந்த வருஷமும் போனால் நிலத்தை விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்று அண்ணி சமையலறையில் சொல்லியிருந்தாள். மெஷின் கொட்டுவதை டிரெய்லரில் வாங்கி டிராக்டர் ஓட்டுவது அண்ணன், கொட்டகையில் நின்று இறக்குவது அண்ணி. மூன்றாவது ஆள் கிடையாது. மெஷின் இன்று முற்பகலில் வருகிறது. மேற்கே மேகமும் வந்துகொண்டிருந்தது.

கார் வயல்களைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறியதும் அவள் இருக்கையைப் பின்னால் சாய்த்தாள். சிரிப்பு முகத்தைவிட்டுப் போய்விட்டது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

அவளுடைய இதயம் களைத்துவிட்டது, இனி மருந்து சொல்வதை அது கேட்காது என்று மருத்துவர் போன மாதமே சொல்லிவிட்டார். அண்ணனை ஒரு தடவை பார்க்கவேண்டும், ஆனால் அண்ணன் தன்னை நோயாளியாகப் பார்க்கக்கூடாது. அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். பிள்ளைகள் இல்லாத அவர்களுக்கு அண்ணன் ஒருவர்தான் உறவு. வந்த நாள் முதல், வீங்கிய கால்களை அண்ணியின் ரப்பர் பூட்ஸுக்குள் மறைத்துக்கொண்டு, இனிமேல் நானும் விவசாயிதான் என்று வீட்டுக்குள்ளேயே தொபுக் தொபுக்கென்று நடந்தாள். மூச்சு வாங்கியபோதெல்லாம் கோழியையோ கன்றையோ பார்ப்பதுபோல நின்றுகொண்டாள். அவள் நின்று பார்க்காத கோழி அந்த வீட்டில் இல்லை. இன்று காலை பல் தேய்க்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, "கிளம்பிடலாங்க, இங்க விழுந்துடக் கூடாது," என்று மட்டும் சொன்னாள்.

"வழியில ஆஸ்பத்திரி வருது. போயிடலாம்," என்றார் செக்கர்.

"போலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கங்க." மூச்சு எடுக்கக் கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, மெஷின் வயலைவிட்டு ஏறுற வரைக்கும் அண்ணன்கிட்ட சொல்லக் கூடாது. சொன்னா போட்டது போட்டபடி ஓடி வந்துடுவாரு. நான் போறதும் போய், அவரு நிலமும் போகணுமா?"

"எனக்குப் பொய் வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"ஏன் வராது? இத்தனை வருஷமா என் சமையல் நல்லாருக்குன்னு சொல்றீங்களே."

"அது பொய் இல்ல."

"பாத்தீங்களா, இப்பவே வருது," என்றாள்.

அவர் சிரித்தார். அவளும் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தாள். சத்தியம் எதுவும் கேட்கவில்லை. கியரின் மேலிருந்த அவர் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு முன்னால் போனது. செக்கர் எப்போதுமே முந்தமாட்டார். இந்த மாதிரி நேரத்தில் பக்கத்து இருக்கையிலிருந்து ஏச்சு வரும்: மாட்டு வண்டிக்கும் வழிவிடுகிற மனுஷன், இறங்கி நடந்தாலே நான் முன்னால் போய்விடுவேன், இப்படி ஏதாவது. எதிரே சாலை வெறுமையாகத்தான் இருந்தது. அவர் டிராக்டரின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். ஏச்சு வரவில்லை. அப்போதுதான் அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல், வாழ்க்கையில் முதல் தடவையாக ஹாரனை அழுத்திப் பிடித்தபடி அந்த டிராக்டரை முந்தினார்.

சின்ன ஊர் ஆஸ்பத்திரி. அங்கே இருந்த இளம் பெண் மருத்துவர் வெகுநேரம் முயன்று பார்த்தார். பிறகு வெளியே வந்து சொல்லவேண்டியதைச் சொன்னார். அதைச் சொல்லும்போது செக்கரின் தோளில் கை வைத்தார்.

"யாருக்காவது சொல்லணுமா சார்?"

"சொல்லணும்மா. இப்ப வேண்டாம்."

அதிர்ச்சியில் பேசுகிறார் என்று மருத்துவர் நினைத்திருக்கவேண்டும். அவரை உள்ளே கூட்டிப்போய் மனைவியின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவளை வெள்ளைத் துணியால் கழுத்துவரை மூடியிருந்தார்கள். நெற்றியில் வேர்வை இன்னும் காய்ந்திருக்கவில்லை. செக்கர் தன் கைக்குட்டையால் அதைத் துடைத்தார். அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. வீட்டில் எப்போதும் அவள்தான் பேசுவாள், அவர் பதில் சொல்வார். பேச்சைத் தொடங்கிப் பழக்கமில்லை.

போன் அடித்தது. அண்ணன்.

எடுக்காமல் விட்டுவிடலாம். ஆனால் எடுக்காவிட்டால் அண்ணன் மறுபடி மறுபடி அடிப்பார், பயப்படுவார், கடைசியில் டிராக்டரைவிட்டு இறங்குவார். உண்மையைச் சொல்லிவிட்டால் தன் மனசு லேசாகும். ஆனால் அதோடு அறுப்பு நின்றுவிடும். மறைத்ததற்கு நாளைக்கு மச்சான் சட்டையைப் பிடித்தாலும் நியாயம்தான். கூடப்பிறந்தவள் செத்துக்கிடக்கும்போது ஒருவனை டிராக்டர் ஓட்டவைக்க இவர் யார்? போன் நான்கைந்து தடவை அடிப்பதற்குள் இதெல்லாம் அவர் மனதில் ஓடியது. அவள் முகத்தைப் பார்த்தபடியே போனைக் காதில் வைத்தார்.

"மாப்பிள்ளை, மெஷின் இறங்கிடுச்சு!" அண்ணன் இரைச்சலுக்கு மேலாகக் கத்தினார். "அவகிட்ட குடுங்க. சத்தத்தைக் கேக்கட்டும்."

"தூங்குறா மச்சான்."

"எழுப்புங்க. இதைவிடவா தூக்கம்?"

டிக்கெட் இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுவார்கள். இரண்டாவது கேள்வியில். செக்கருக்கு அது அத்துப்படி. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எழுப்பினா என்னை யாரு காப்பாத்துறது? வாயைத் திறந்துக்கிட்டு குறட்டை விடுறா. கீழ்வீட்டுக்காரன் குளிச்சா என்ன, குளிக்காட்டி என்ன, இவ தூங்கி எழுந்துதான் கார் கிளம்பும்போல."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "சரி சரி, விடுங்க. போனை அவ காதுகிட்ட வைங்க, தூக்கத்துலயாவது கேக்கட்டும்."

செக்கர் போனைத் தலையணையில் அவள் காதோரம் வைத்தார். அறை முழுவதும் மெஷினின் இரைச்சல் நிறைந்தது. கதிர் உள்ளே இழுபடும் சத்தம், தகரத்தில் மணிகள் கொட்டும் சத்தம், நடுவில் அண்ணன் மெஷின்காரரை அதட்டும் குரல். ஏதோ சத்தம் என்று எட்டிப்பார்த்த மருத்துவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சத்தம் நிற்கும்வரை செக்கர் போனை அங்கிருந்து எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மதியம் முழுவதும் அவர் அந்த நாற்காலியிலேயே இருந்தார். நடுவில் ஒரு நர்ஸ் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அது ஆறி ஆடை படிந்து கிடந்தது. அடிக்கடி எழுந்து ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. வாழ்நாளில் ஒரு வயலுக்காகவும் அவர் வானத்தைப் பார்த்தவரில்லை. அவளிடம் மெல்லப் பேசவும் வந்துவிட்டது. "இன்னும் வரலை, பயப்படாத," என்றார் ஒரு தடவை. இவள் இவ்வளவு காலமும் எத்தனை பேருக்காக இப்படித் தனியாக ஒன்றைத் தாங்கிக்கொண்டு சிரித்திருப்பாள் என்று நினைத்துப்பார்த்தார். வேடிக்கை என்று நினைத்து அவர் ரசித்ததெல்லாம் எவ்வளவு கனமான வேலை என்பது இப்போதுதான் புரிந்தது. அவளை எண்ணிப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை அவளிடம் சொல்ல ஆசையாகவும் இருந்தது.

தூறல் ஆரம்பித்து, ஜன்னல் கண்ணாடியில் கோடு விழுந்த நேரத்தில் போன் வந்தது.

"முடிஞ்சுது மாப்பிள்ளை. கடைசி டிரெய்லரும் கொட்டகைக்குள்ள வந்துடுச்சு. மெஷின் இப்பதான் ரோட்டுக்கு ஏறுது. எழுந்துட்டாளா?"

"மச்சான், அண்ணி பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா. ஏன்?"

செக்கர் சொன்னார். சுற்றிவளைக்காமல், அவருக்குத் தெரிந்த விதத்தில், உள்ளதை உள்ளபடி. இதய நோய், மருத்துவர் சொன்னது, காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டது, டிராக்டர், ஆஸ்பத்திரி.

அந்தப் பக்கம் கொட்டகைத் தகரத்தில் மழை விழுவது மட்டும் கேட்டது. மழை வலுத்தது.

"நான் போன் பண்ணினப்போ?" என்றார் அண்ணன்.

"அதுக்கு முன்னாடியே மச்சான். மெஷின் ஏறுற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு அவதான்..."

செக்கர் திட்டுக்காகக் காத்திருந்தார். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று மதியமே முடிவு செய்திருந்தார்.

"அப்போலேருந்து நீங்க ஒத்தையாவா உக்காந்திருக்கீங்க?" என்றார் அண்ணன்.

இந்தக் கேள்விக்கு அவர் தயாராக இருக்கவில்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து அழாத அழுகையை அழுதார். நர்ஸ் ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். அந்தப் பக்கத்தில் அண்ணன் போனை வைக்காமல் அப்படியே இருந்தார்.

இருட்டுவதற்குள் அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். குளிக்கவில்லை, சட்டை மாற்றவில்லை. அண்ணியின் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. அவள் உள்ளே வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் சரிந்து உட்கார்ந்து, துணிக்கு மேலாக நாத்தனாரின் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு செக்கரிடம் வந்து, எதிரே நின்று, அவரை நன்றாகப் பார்த்தார்.

"குறட்டை விடுறான்னு சொன்னீங்க. நம்பிட்டேன் மாப்பிள்ளை," என்றார்.

செக்கர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்தினார். அந்தக் கைகள் சொரசொரவென்று, இன்னும் சூடாக இருந்தன. அப்புறம் தங்கையிடம் போனார். குனிந்து அவள் நெற்றியில் தன் நெற்றியை வைத்தார். அவருடைய தலையிலிருந்தும் தோளிலிருந்தும் உமித்தூசியும் வைக்கோல் துணுக்குகளும் வெள்ளைத் துணியின்மேல் பொலபொலவென்று உதிர்ந்தன.

நர்ஸ் அதைத் தட்டிவிடக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா," என்றார் செக்கர்.