கேள்விக்குறியை வெட்டியவன்

...முப்பத்தோராம் இடம், அதைவிடப் பெயரையே போடாமல் விட்டிருக்கலாம், இரண்டு தடவை ஒஸ்லோ மாநகரசபையில் இருந்தவனை, தொழிலாளர் கட்சிக்காகப் பனியில் வீடு வீடாக ஏறி இறங்கிய இந்தத் தயாநிதியை, வேட்பாளர் பட்டியலின் அடியில் போட்டுவிட்டு அந்தக் கட்சிச் செயலாளர்ப் பெண் சிரித்தபடி கைநீட்டினாள், நானும் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன்? நான் நடத்திய சஞ்சிகையும் போன மார்கழியோடு நின்றுவிட்டது, இருபத்திரண்டு வருடம், இனி சுவிஸின் இந்த லாங்கன்தாலில் மட்டும்தான் நான் ஆசிரியர், நாளை இங்குள்ள தொழிற்சங்கத் தமிழர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், தங்குவதற்கு ராஜேஸ்வரி வீடு. அவளை இன்றுதான் நேரில் பார்க்கிறேன், ஆனால் பதினெட்டு வருடமாக அவளைச் சொல்லித்தானே மேடை ஏறினேன், சலவைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலைசெய்த பெண், எங்கள் சஞ்சிகைக்கு அவள் எழுதிய கடிதம், ‘நாங்கள் இயந்திரங்கள் அல்ல’, அதை நோர்வேஜிய மொழியில் வாசித்தபோது கட்சி மாநாடே எழுந்து கைதட்டியது, அந்த வருடம்தான் என்னை முதன்முதலாக வேட்பாளராக்கினார்கள்...

“நாளைக்கு அந்த வரியை நீங்களே வாசியுங்கோ, ராஜேஸ்வரி.”

அவள் தேநீரை என் முன்னால் வைத்தாள். “அது நான் எழுதினதில்லையே, அண்ணை.”

“பின்னை?”

“இருந்து வேலை செய்ய ஒரு கதிரை கேட்டால் வேலை போகுமோ எண்டு கேட்டுத்தான் உங்களுக்கு எழுதினனான். நீங்கள் என்ரை பேரோடை வேறையொண்டைப் போட்டிட்டியள். ஆரோ அதை மொழிபெயர்த்து முதலாளியிட்டைக் குடுத்திட்டினம். அடுத்த கிழமை என்னை வேலையாலை நிப்பாட்டிப்போட்டாங்கள். வேலை இல்லையெண்டு ஊரிலையிருந்த இவரை இஞ்சை கூப்பிடவும் விடேல்லை. நாலு வருசம்.” பிறகு, “சீனி காணுமோ?” என்றாள்.

ஓம் என்றேன், கசந்தது, ஓம் என்றுதான் சொன்னேன். திருத்துவது ஆசிரியன் வேலை, எல்லோரும்தான் திருத்துகிறார்கள், அவள் அன்றே மறுத்து எழுதியிருக்கலாமே... எழுதினாளோ, சஞ்சிகை மேசையில் பிரிக்காமல் கிடந்த உறைகள் எத்தனை, கேட்கட்டுமா, வேண்டாம், கோபப்பட்டாலாவது பதில் சொல்லலாம், அவளோ ஜன்னலடியில் உடுப்பு மடிக்கிறாள். அந்தக் கேள்வியைக் கேள்விக்குறியோடு வெட்டி என் வரியைப் போட்டது நினைவிருக்கிறது, சிவப்புப் பேனை, கெஞ்சுவது போல இருக்கிறது என்று நினைத்தேன், அச்சில் நன்றாக இராது என்று. நாளை மண்டபத்தில் ஒருத்தி எழுந்து அதையே கேட்டால்? கதிரை கேட்டால் வேலை போகுமோ... போகுமா, போகாதா... இத்தனை வருடத்தில் இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை, எனக்குத் தெரியவும் தெரியாது.