கதியால் தள்ளி நட்டவன் வீடு

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: நடிப்புப் படிப்பிக்கும் மகாதேவி மிஸ், வெளியிலிருந்து வந்த பரீட்சகர் நீக்கிலாப்பிள்ளை, தங்கள் முறை முடிந்து சுவரோரம் குந்தியிருந்த மாணவர்கள், திறப்புக் கோர்வையோடு வாசலில் நின்ற காவலாளி ஜெரிசன், தன் முறைக்குக் காத்துநின்ற மயூரதன்.

மயூரதனுக்கு இந்தப் பரீட்சை இரண்டாந்தரம். இந்த முறையும் பெயில் விட்டால் கல்லூரி அவனை வைத்திருக்காது. சுன்னாகத்தில் சீமெந்துக் கடை வைத்திருக்கும் மாமா தியாகராசா, மூட்டை இறக்க ஆள் எடுக்காமல் இவனுக்காகக் காத்திருந்தார். "எப்பயடா வாறாய்?" என்று அடிக்கடி கேட்பார். இவன் எப்படியும் கோட்டைவிடுவான் என்ற நிச்சயம் அந்தக் குரலில் இருக்கும்.

பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரன் எல்லை வேலியின் கதியால் கம்புகளைப் பிடுங்கி உன் காணிக்குள் தள்ளி நட்டுவிட்டான். நீ கத்தியோடு அவன் வீட்டுக்குள் பாய வேண்டும். வெறும் மேடை, வெறுங்கால், கையில் கத்தியும் கிடையாது. எல்லாம் உடம்பிலிருந்துதான் வரவேண்டும். உள்ளே, அந்த வீட்டுக்காரனின் மனைவியாகச் சக மாணவி சிவகௌரி நின்றாள்.

முன்னுக்குச் செய்தவர்கள் எல்லோரும் பாய்ந்தார்கள். கோபிசங்கர் குழறிய குழறலில் ரோட்டு நாய்கள் குரைத்தன.

மயூரதனும் பல்லை நெருமிக்கொண்டு, வெறுங்கையில் கத்தியை ஓங்கிக்கொண்டு நன்றாகத்தான் வந்தான். வாசல் இருக்கவேண்டிய இடத்தில் கால் நின்றுவிட்டது. கத்தியைக் கமக்கட்டுக்குள் செருகினான். ஒரு காலால் மற்றக் காலை உரசி, இல்லாத செருப்பு இரண்டையும் கழற்றி, ஓரமாக ஒதுக்கிவிட்டு உள்ளே போனான்.

சிவகௌரியின் வாயும் தன்பாட்டில் திறந்தது. "வாங்கோ அண்ணை, இருங்கோ."

"இருக்க வரேல்லை. வெட்ட வந்தனான்!"

மண்டபமே சிரித்தது. "தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெட்டு மச்சான்!" என்றான் கோபிசங்கர்.

மிச்சத்தை எப்படிச் செய்து முடித்தான் என்று மயூரதனுக்குத் தெரியாது. சீமெந்து மூட்டை தோளில் ஏறிவிட்டது போலிருந்தது.

மகாதேவி மிஸ் பேனையை மேசையில் போட்டார். "வெட்டப் போறவன் செருப்பைக் கழட்டுவானோ? உனக்கென்ன விசரோ?"

"தெரியாம வந்திட்டுது மிஸ்."

நீக்கிலாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து மேடைக்குப் போனார். "கதவு எவ்விடம் தம்பி?"

"உதிலைதான் சேர். நீங்கள் நிக்கிற இடம்."

அவர் சட்டென்று விலகி நின்றார். விலகியது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

"மற்ற எல்லாரும் சுவருக்குள்ளாலை வந்தவை மிஸ். உவன் ஒருத்தன்தான் கதவாலை வந்தவன்."

"ஆத்திரம் காணாது சேர், இன்னும் வேணும்."

"ஓம், காணாதுதான். மட்டுமட்டாய்ப் பாஸ்."

எல்லோரும் போனபிறகும் மயூரதன் மேடை விளிம்பில் இருந்தான். மாமாவுக்குப் போன் எடுத்தான்.

"மாமா, நான் கடைக்கு வரேல்லை."

"ஏன்ரா, பாஸோ?" மனிசனுக்கு அது நம்பக் கஷ்டமாக இருந்தது.

"ஓம்."

"அப்ப வேறை ஆள் பாக்கட்டோ?"

"பாருங்கோ மாமா. நல்ல பெலமான ஆளாய்ப் பாருங்கோ."

போனை வைத்ததும் தனக்குத்தானே சிரித்தான். மட்டுமட்டு என்றாலும் பாஸ் பாஸ்தான்.

"டேய், நான் வீட்டை போக வேண்டாமே?" என்று ஜெரிசன் திறப்பை ஆட்டினார். "நாளைக்கும் இஞ்சைதானே வரப்போறாய்?"

"ஓம் அண்ணை. வருவன்."

அவன் வெளியே இறங்கியதும் ஜெரிசன் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.