காலியாக இருக்க வேண்டிய ஃப்ரீசர்

அலாரம் அடித்தபோது தவளைக்காரி மாடியில் காலை டீயை வாயில் வைத்திருந்தாள். அந்தக் கட்டடத்தில் அலாரம் அடிப்பது பெரிய விஷயமில்லை. ஃப்ரீசர் கதவை ஒழுங்காகச் சாத்தாமல் போகிற மகானுபாவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. யாராவது போய் ஓர் இடி இடித்தால் கதவும் மூடிக்கொள்ளும், அலாரமும் வாயை மூடிக்கொள்ளும். இன்றைக்கு அது மூடுகிற வழியாக இல்லை. டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

தவளைக்காரி என்பது அவள் பெயரல்ல. பெயர் அவள் அறைக் கதவில் கொட்டை எழுத்தில் இருக்கிறது, யார் படித்தார்கள்? அந்த ஆராய்ச்சி நிலையத்தில் ஆளுக்கு ஆள் எதைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறார்களோ அதுதான் அவர்களுக்குப் பெயர். கொசுவின் எச்சிலில் காய்ச்சல் எப்படிக் குடியேறுகிறது என்று பார்க்கிறவர் கொசுக்காரர். பாறைப் பாசி வெயிலில் கருகிச் செத்ததுபோல் கிடந்துவிட்டு, ஒரு தூறலுக்கு எப்படி எழுந்து உட்காருகிறது என்று பார்க்கிறவர் பாசியம்மா. தாய்ப்பாலில் என்னென்ன இருக்கிறது என்று வருடக்கணக்காக எண்ணிக்கொண்டிருக்கும் டாக்டர் ஒருவர். தேனீயின் குடலைப் பிரித்துப் பார்க்கும் புருஷனும் பெண்டாட்டியும் உண்டு. அவர்கள் சண்டை போட்டுக்கொண்டால் தேனீதான் பாவம். இத்தனை பேருக்கும் கீழ்த்தளத்தில் ஒரே ஒரு பெரிய ஃப்ரீசர். மைனஸ் எண்பது டிகிரி. மனுஷன், மரம், பூச்சி, புழு எல்லாம் அதற்குள் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி உறைந்திருந்தன.

கீழே குளிரறைப் பொறுப்பாளர் ஃப்ரீசரின் முதுகில் காதை வைத்துக்கொண்டிருந்தார். கறார் அக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். இயக்குநரே கையெழுத்துப் போடாமல் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது.

"கம்ப்ரஸர் போச்சு," என்றார் கறார் அக்கா. "மெக்கானிக் போன்லயே கையை விரிச்சிட்டான். பார்ட்ஸ் வர வாரக்கணக்காகுமாம்."

கதவிலிருந்த எண் மைனஸ் அறுபத்தெட்டு என்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபத்தேழு ஆனது. தவளைக்காரி கதவை இன்னும் இறுக்கிச் சாத்திப் பார்த்தாள்.

சாத்தாமல் என்ன செய்வாள்? மலையோடை ஒன்றில் வருடக்கணக்காகக் கிடந்து சேர்த்தது அத்தனையும் அதற்குள் இருந்தது. அவள் முதன்முதலில் போன காலத்தில் அந்த ஓடைக்கரையில் நின்று பேச முடியாது, காதுக்குள் வந்து கத்த வேண்டும், அவ்வளவு தவளைச் சத்தம். ஒவ்வொன்றாகப் பிடித்து, முதுகைப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து, திரும்பத் தண்ணீரில் விடுவாள். தவளைகளைக் கூண்டோடு கொல்லும் பூஞ்சை நோய் ஒன்று இருக்கிறது. தவளைத் தோலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களில் சில அந்தப் பூஞ்சையோடு மல்லுக்கு நிற்கும். எது என்று கண்டுபிடித்தால் இன்னும் தவளை மிச்சமிருக்கும் ஓடைகளைக் காப்பாற்றலாம். கண்டுபிடிப்பதற்குள் பூஞ்சை அந்த ஓடைக்கே வந்துவிட்டது. இப்போது அங்கே தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான். அந்தத் தவளைகளின் மிச்சம் இந்த ஃப்ரீசரின் இரண்டே இரண்டு தட்டு. உருகினால் நுண்ணுயிர்கள் போய்விடும். மறுபடி எடுக்கலாம் என்றால் எங்கே போய் எடுப்பது?

"சரி, அதான் பக்கத்து ரூம்ல இன்னொண்ணு இருக்கே!" என்றாள்.

இருந்தது. இப்படி ஒரு நாள் வரும் என்றுதான் பக்கத்து அறையில் இன்னொரு ஃப்ரீசரை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். 'அவசரத்துக்கு மட்டும். எப்போதும் காலியாக இருக்க வேண்டும்' என்று அதன் நெற்றியில் ஒட்டியிருந்தது. அதற்குள் எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். கறார் அக்கா போய்க் கதவைத் திறந்தார். வெண்புகை விலகியது.

உள்ளே விரல் நுழைய இடமில்லை.

மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை டப்பா, டப்பா, டப்பா.  எப்படி நடந்திருக்கும் என்று கேட்கவே வேண்டாம். ஒருவர் 'ரெண்டு நாளைக்குத்தானே' என்று ஒரு டப்பாவைச் செருகியிருப்பார். அதைப் பார்த்து அடுத்தவர் 'அவர் வைக்கும்போது நமக்கென்ன' என்று இன்னொன்று. சாவி தொங்கும் ஆணி எல்லாருக்கும் தெரியும். கறார் அக்காவுக்கு வருடத்தில் ஒரு மாதம் விடுப்பு என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

"யாருக்காவது கொஞ்சமாச்சும் மனசாட்சி இருக்கா?" தவளைக்காரி கத்தினாள். கூட்டத்திலேயே பெரிய குரல் அவளுடையதுதான். "எழுதி ஒட்டியிருக்கு இல்ல? படிக்கத் தெரியாதா? இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்?"

இதய நோயைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற இதய டாக்டர் கனத்த நீலக் கையுறையை மாட்டிக்கொண்டு நடுத்தட்டிலிருந்து ஒரு டப்பாவை உருவினார். பனியைத் துடைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். மேலே அவளுடைய கோணல் கையெழுத்து. சென்ற மழைக்காலத்தில், சத்தியமாக ஒரே ஒரு வாரத்துக்கு என்று வைத்தது.

"நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க, தவளை மேடம்," என்றார்.

கொசுக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கறார் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சிரிச்சது போதும். எல்லாத்தையும் வெளிய எடுங்க. பேர் எழுதாத டப்பா எல்லாம் குப்பைக்கு. மிச்சத்துக்கு விதிப்படி இடம். மனுஷங்களோடது முதல்ல, நோய் சம்பந்தப்பட்டது அடுத்தது, மத்ததெல்லாம் அப்புறம்."

நடைபாதையில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி டப்பாக்களை இறக்கினார்கள். அந்த நெருக்கடியிலும் தவளைக்காரிக்கு ஒரு விஷயம் பிடித்திருந்தது. இத்தனை வருடம் லிஃப்ட்டில் தலையாட்டிவிட்டுப் போனவர்கள் இப்போது ஒருவர் பாடுபட்டதை ஒருவர் கையில் ஏந்திக்கொண்டு, "இது என்னங்க?" என்று கேட்டார்கள். வௌவாலின் எச்சில். பனிப்பாறைக்கு அடியில் கிடந்த மண். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு வந்த பால். "தேனீக்கும் மலச்சிக்கல் வருமா?" என்று தாய்ப்பால் டாக்டர் கேட்க, தேனீக்காரர் பெண்டாட்டியைப் பார்த்தார். அந்த அம்மாள், "வரும். இவர் பக்கத்துல நின்னா யாருக்குத்தான் வராது?" என்றாள். யாரோ பாதி தின்ற ஐஸ்க்ரீம் ஒன்றும் அகப்பட்டது. அதற்கு மட்டும் கடைசி வரை சொந்தக்காரர் வரவில்லை.

மனிதர்கள் உள்ளே போனார்கள். கொசுவும் பாம்பு விஷமும் போயின. தட்டு நிறைந்துவிட்டது.

பாசியம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "என் பாசி வெயில்ல கிடந்தே பிழைக்கும், இதுக்கா சாகப்போகுது? மேசைமேல வச்சுக்கறேன்." தேனீக்காரர்களின் கூடு தோட்டத்திலேயே இருந்தது, மறுபடி பிடித்துக்கொள்ளலாம். எங்கேயும் போய்ப் பிடிக்க முடியாதது தவளை மட்டும்தான். பழைய ஃப்ரீசரின் கதவில் மைனஸ் ஐம்பத்தைந்து.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். அவசர ஃப்ரீசரின் கீழே இரண்டு தட்டு முழுக்க இதய டாக்டரின் டப்பாக்கள். இதயம் தளர்ந்து போவதை ரத்தத்தில் முன்கூட்டியே பார்க்க முடியுமா என்ற ஆய்வு. அது நல்லபடியாக முடிந்து, பத்திரிகையில் வந்து, கேக் வெட்டி, அந்தக் கேக்கை அவளும் தின்றிருக்கிறாள். டப்பாவின் மேலேயே அச்சடித்திருந்தது: 'ஆய்வு முடிந்ததும் அழிக்கப்படும்.'

"டாக்டர், இது முடிஞ்சுபோன ஆய்வுதானே?"

"அதுக்கு?"

"அழிச்சுடுவோம்னு சொல்லி ரத்தம் குடுத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கியிருக்கீங்களே."

இதய டாக்டரின் முகம் சிவந்தது. "எப்பவாவது தேவைப்படும். தவளைக்காக மனுஷ ரத்தத்தைக் கொட்டச் சொல்றீங்களா?" என்றவர், கையுறையைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். 

தவளைக்காரி வீட்டுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். புருஷன், "அழாதே, அக்காவுக்குச் சொல்றேன்," என்றான். அவன் அக்கா ஐஸ்க்ரீம் கடை வைத்திருப்பவள். கல்யாணமான நாளிலிருந்து தம்பி பெண்டாட்டியை 'தவளைக்கு முதுகு தேய்க்கிறவ' என்று சொல்லிச் சிரிக்கிற நாத்தனார். வாயில் விஷமே தவிர வயிற்றில் இல்லை. அடுத்த நாழி கடை வேனில் தெர்மகோல் பெட்டி நிறைய ட்ரை ஐஸோடு வந்து இறங்கினாள்.

"எங்க உன் பிள்ளைங்க?" என்றாள் உள்ளே வந்ததும்.

"அண்ணி, இது எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பொழுது சாயற வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் கடவுள் விட்ட வழி. எங்க கடையில ஃப்ரீசர் நின்னுட்டா தெருவுல போற பிள்ளைங்களைக் கூப்பிட்டுக் குடுத்துட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவோம். உன் சரக்கை யாரு திம்பா?" பேசிக்கொண்டே இருந்தாலும் கை நிற்கவில்லை. தவளை டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஐஸுக்குள் புதைத்தாள். "தம்பி எல்லாம் சொன்னான். நீ போய் அந்த டாக்டர்கிட்ட பேசு. படியில உட்கார்ந்திருக்கான். மூஞ்சியைப் பார்த்தா கோபக்காரனாத் தெரியலை. பறிகொடுத்தவன் மாதிரி இருக்கான்."

தவளைக்காரி போனாள். கெஞ்சக் கூடாது, சண்டையும் போடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் இரண்டும் மறந்துவிட்டது.

"எனக்கு அந்த இடம் வேணும் டாக்டர். வெட்கத்தை விட்டுச் சொல்றேன். அதுங்க போயிட்டா எனக்கு வேற கதியில்லை."

அவர் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டார்.

"நோயாளிங்க ரத்தம் மட்டும் இருந்தாப் பத்தாது," என்றார். "ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான வயசானவங்க வேணும். ஆள் கிடைக்கலை. எங்கப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். கையை நீட்டி, 'எடுத்துக்கோடா, உனக்குக் குடுக்காம யாருக்கு'ன்னாரு. அவர் போயி மூணு வருஷமாச்சு. மத்ததெல்லாம் எரிச்சாச்சு. அது ஒண்ணுதான் அப்படியே இருக்கு. அதை எடுத்துக் கொட்டுன்னா எப்படிக் கொட்டுவேன்? அவர் ஒருத்தருக்காக மொத்தத்தையும் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

 வேண்டாம், விட்டுவிடுங்கள் என்று சொல்லத் தவளைக்காரிக்கு வாய் வந்தது. சொன்னால் ஓடை போய்விடும். அதனால் பேசாமல் இருந்தாள். அப்படிப் பேசாமல் இருப்பதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

டாக்டர்தான் பேசினார். "முதல் கையெழுத்து அவர் போட்டதுதான். வேலை முடிஞ்சா அழிச்சுடணும்னு அதுல இருக்கு. உயிரோட இருந்தா என்னைச் செருப்பால அடிப்பாரு. ஊர்ல அத்தனை பேர்கிட்ட வாக்குக் குடுத்துட்டு என்னடா பண்றேன்னு கேட்பாரு." முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். "வாங்க."

இரண்டு தட்டையும் அவரே இறக்கினார். கழிவுப் பைகளில் டப்பா டப்பாவாகப் போட்டுக் கட்டினார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. நாத்தனார் கூட வாயைத் திறக்கவில்லை, அதுவே அன்றைக்குப் பெரிய அதிசயம். கடைசி டப்பாவில் அவர் கை நின்றது. எண்களை விரலால் தடவிக்கொண்டே போய், சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு குப்பியில் நிறுத்தினார்.

கறார் அக்கா கிட்டே வந்தார். "குடுத்தவங்க குடும்பம் திருப்பிக் கேட்டா குடுக்கலாம். விதியில இருக்கு," என்றார், எப்போதும் பேசுகிற அதே கறார் குரலில். "கேளுங்க."

"குடுங்கக்கா," என்றார் டாக்டர். குரல் உடைந்துவிட்டது.

தவளைகள் உள்ளே போயின. இரண்டு தட்டு நிறைய, தாராளமாக. தவளைக்காரி கடைசி டப்பாவைச் செருகிவிட்டுத் திரும்பினாள். டாக்டர் குப்பியை ட்ரை ஐஸ் துண்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். முடிந்த ஆய்வுக்கு விதிப்படி இனி இடமில்லை. வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைக்கிற பொருளும் இல்லை அது.

"மேடம்," என்றார். கேட்கக் கூச்சப்படும் சின்னப் பிள்ளை முகம். "உங்க டப்பாவுல குப்பி வைக்கிற குழி ஒண்ணு காலியா இருக்குமா?"

அவள் கடைசி டப்பாவை மறுபடி உருவித் திறந்து காட்டினாள். மூலையில் ஒன்று காலியாக இருந்தது. அவர் குப்பியை இறக்கினார். இரண்டு பக்கமும் தவளை.

"ராத்திரியெல்லாம் சத்தம் போடுங்க இதுங்க," என்றாள், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்க. "அப்பா தூங்குவாரா?"

"எங்கப்பா குறட்டையை நீங்க கேட்டதில்லை," என்றார் டாக்டர். "உங்க தவளைதான் எந்திரிச்சு ஓடணும்."