பட்டியலில் இல்லாத தம்பி

பாடைக் கயிற்றின் முடிச்சு தர்மேஷின் கையில் மறுபடி நழுவியபோது, ஜசுபாய் சித்தப்பா வாசலில் வந்து நின்றார். சூரத் ஜவுளி மார்க்கெட்டில் அப்பாவின் சேலைக்கடைக்கு நேர் கீழ்மாடியில் அவர் கடை. பாகம் பிரிந்தபின் ஒரே வாடிக்கையாளரை இரண்டு மாடியிலிருந்தும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கண்ணன் போனதை டீக்காரன் வந்து சொல்லணுமா?"

"எல்லாருக்கும் மெயில் போச்சே சேட்," என்றார் கணக்கர் சந்திரேஷ்.

"எல்லாரும்னா? லாரி ஆபீசுக்குப் போச்சு, சாயப்பட்டறைக்குப் போச்சு. கூடப்பிறந்தவன் எந்த வகையறா?"

தர்மேஷ் நழுவிய கயிற்றை இழுத்துக் கட்டினான். அப்பா படுக்கையில் விழுந்த வாரம் கல்லாவில் உட்கார்ந்தவன், முதல் வேலையாக ஆபீஸ் மெயிலில் கடைக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவாக, போன் நம்பரும் சேர்த்து ஒரே முகவரிப் பட்டியல் போட்டான். ஒருவர் திருத்தினால் எல்லாருக்கும் திருந்தும். ஒருவர் அழித்தால் எல்லாருக்கும் அழியும். விலைப்பட்டியல் கைதவறிக் கீழ்மாடிக்குப் போய்விடக் கூடாதே என்று சித்தப்பா பெயரை அழித்தான். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தான். அப்பாவின் போனும் பெயர்களை அதே பட்டியலிலிருந்துதான் எடுக்கிறது என்பது உறைக்கவில்லை.

சித்தப்பா அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தார். "சண்டையெல்லாம் கடையோட. சாயங்காலமானா போன்ல கூப்பிட்டு, 'இன்னிக்கு எவன் தலைல கட்டினே, திருடா'ம்பான். திடீர்னு நின்னுபோச்சு. நான் கூப்பிட்டாலும் எடுக்கலை. வெறும் முதுகு வலின்னுதானேடா சொன்னீங்க?"

அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். சேட் படுத்துவிட்டார் என்றால் வாடிக்கை கலையும்.

"பேர் வராத நம்பரை எடுக்காதீங்கப்பா, எல்லாம் மோசடி." இதுவும் தர்மேஷ் சொல்லிக்கொடுத்ததுதான். அப்பா பிள்ளை பேச்சைத் தட்டவில்லை. போன வாரம்கூடப் போனை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஜ-வுல தேடுறேன், காணோமேடா."

"யாரைப்பா?"

"ஒண்ணுமில்லே. நீ கடையைப் பாரு."

ஜல்காவ் ஊர் வியாபாரி யாரையோ தேடுகிறாராக்கும் என்று அவனும் கடைக்குக் கிளம்பிவிட்டான்.

"வீம்புக்காரன்," என்று சித்தப்பா அண்ணனின் போர்வையைச் சரிசெய்தார். "எனக்கு மட்டும் குறைச்சலா? ஒரு மாடி ஏறி வந்து கேட்டிருந்தா காலா ஒடிஞ்சிருக்கும்?"

தர்மேஷ் உள்ளறைக்குப் போனான். தன் போனில் பொதுப் பட்டியலைத் திறந்து, சித்தப்பாவின் பெயரையும் நம்பரையும் மறுபடி போட்டுச் சேமித்தான். பிறகு தலையணைக்கடியிலிருந்து அப்பாவின் போனை எடுத்தான். எடுக்காமல் விட்ட அழைப்புகள், வெறும் எண்களாக வரிசையில் நின்றன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை மேலிருந்து கீழ்வரை ஜசு, ஜசு, ஜசு என்று மாறின.

"தூக்கலாமா?" என்று வெளியே யாரோ கேட்டார்கள்.