கொஞ்சம் குறைங்க

கல்முனையில் கலியாணக் கார்ட் அடிக்கும் ஷிப்லிக்குக் கை முழுக்க மை. அதனால் கணினித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வேலையை ஏஐ உதவியாளரிடம் விட்டிருந்தான். அது சொன்னபடி கேட்கும். யார் சொன்னாலும் கேட்கும் என்பதுதான் வில்லங்கம்.

தன் மகளின் கலியாணக் கார்ட்டைத் திரையில் பார்த்தபடியே சுபைறா விலை பேசினாள்.

“கொஞ்சம் குறைங்க தம்பி.”

திரை மங்கியது.

“ஏலாது ராத்தா.”

“இன்னம் கொஞ்சம் குறைங்களன்.”

மாப்பிள்ளையின் பெயர் மறைந்தது.

“நம்மட ஊராக்கள் எண்டாவது பார்த்துக் குறைங்க.”

திரை முழுக்கக் கறுத்தது. மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் பணிவாகச் சொன்னது: “மன்னிக்கவும். இதற்கு மேல் குறைக்க முடியாது.”

சுபைறா உடனே கைப்பையைத் திறந்தாள்.

“முதலாளி உள்ளுக்க இருக்கிறாவெண்டு முன்னமே சொல்லியிருக்கலாமே தம்பி. சும்மா உங்களோட கதைச்சிட்டிருந்திருக்கன்.”