புகைக்காரி

ஆஸ்பத்திரி வார்டின் கதவுக்கு முன்னால் சிஸ்டர் என் காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினேன். வளையலையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினேன். உள்ளே, கறுப்புத் திரை இழுத்த அறையில், என் அண்ணன் கிடந்தான். ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், உடம்பு வில்லாக வளைந்துவிடும். ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். செருப்பைத் துளைத்து ஏறிய துரு ஆணியைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, இதற்கெல்லாம் யாராவது ஊசி போட்டுக்கொள்வார்களா என்று எங்களைக் கிண்டலடித்த மகராசன்.

வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை ஓடும். அணைக்கப் பொத்தான் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். ஏதோ கோபம் என்று நினைத்து அண்ணியும் பதிலுக்கு முறைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். காலையில்தான் தெரிந்தது, தாடை பூட்டிக்கொண்டு அவனால் திறக்கவே முடியவில்லை என்று. "அப்பாடா, கொஞ்சம் நிம்மதின்னுகூட நெனச்சேன்" என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறாள்.

விறைப்பை மருந்து பார்த்துக்கொள்ளும், என் பயமெல்லாம் இதயத்தைப் பற்றித்தான் என்றார் டாக்டரம்மா. இந்த நோய் நரம்பு வழியாக இதயத்தோடும் விளையாடுமாம். பகலெல்லாம் தலைமாட்டு மானிட்டரில் எண்பதை ஒட்டி நடக்கிற துடிப்பு, சாயங்காலமானால் நூற்றைம்பதுக்கு எகிறியது. ரத்த அழுத்தமும் கூடவே ஏறி, பிறகு சரசரவென்று இறங்கியது. "இப்படியே ஏறி எறங்கிட்டிருந்தா எப்ப வேணா நின்னுடும்மா. எதனால ஏறுதுன்னு தெரிஞ்சாகணும்."

எதனால் என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஆலைகளைச் சுற்றிக் கருவி வைத்துக் காற்றைப் பிடிப்பேன். புகைபோக்கியின் உயரம், புகையின் சூடு, காற்றின் வேகம் எல்லாவற்றையும் கணினியில் போட்டால், எந்தத் தெருவில் எவ்வளவு வந்து இறங்கும் என்று சொல்லிவிடலாம். தெருவில் இருமல் என்று புகார் வந்தால் கணக்கைத் திருப்பிப் போட்டு, எந்தப் புகைபோக்கி என்று பிடிப்போம். நாள் முழுக்க அங்கே திரிவதால் துணி, தலைமுடி, மூக்கில் கட்டுகிற துண்டு எல்லாவற்றிலும் கந்தக நெடி ஏறிவிடும். எனக்கு அது தெரிவதே இல்லை. வீட்டுக்குள் காலெடுத்து வைக்குமுன்னே உள் அறையிலிருந்து அண்ணன் குரல் வரும்: "வந்துட்டாய்யா புகைக்காரி! இன்னைக்குக் காத்து எந்தப் பக்கம்?"

அண்ணன் இதயத்துக்கும் ஒரு கணக்குப் போட்டேன். துடிப்பு ஏறிய நேரங்களை ஒரு கோடாக வரைந்து, வார்டில் நடப்பதை எல்லாம் அதன் பக்கத்தில் வைத்தேன். தள்ளுவண்டிச் சக்கரத்துக்குத் துணி சுற்றினோம். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டோம். சொட்டுகிற குழாயின் அடியில் பஞ்சு வைத்தோம். துடிப்பு எதற்கும் மசியவில்லை. கடைசியில், சாயங்கால ஊசிதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். சிஸ்டர் முகம் சுண்டிப் போனது; ஆனாலும் நேரத்தை மாற்றினார்கள். மறுநாள் எனக்கு விடுமுறை. குளித்துவிட்டு வீட்டிலிருந்து நேராக வந்தேன். சாயங்காலமாகியும் துடிப்பு ஏறவே இல்லை. ஏதோ பெரிய மேதாவி மாதிரி அண்ணியிடம் அலட்டிக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் வழக்கம்போல ஆலையிலிருந்து நேராக வந்து, சத்தமில்லாமல் கட்டிலருகே நின்றேன். ஊசி எப்போதோ போட்டாகிவிட்டது. அறையில் ஒரு சின்ன ஓசைகூட இல்லை. அண்ணனின் மூக்கு லேசாக விரிந்தது. எண் தொண்ணூறு, நூற்றுப்பத்து, நூற்று நாற்பது என்று ஓடியது. பூட்டிய தாடைக்குள் ஏதோ முண்டியது. கழுத்து நரம்பு புடைத்தது. அடப்பாவி, வழக்கமான கேலியைச் சொல்லத் துடிக்கிறான். ஊரில் உள்ள புகைபோக்கியை எல்லாம் கணக்கில் எடுத்தவள், என்னை எடுக்கவில்லை. அப்படியே பின்வாங்கி வெளியே ஓடிவந்தேன்.

அண்ணியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என் கழுத்திலிருந்த துண்டை உருவி முகர்ந்து பார்த்தாள். நாளெல்லாம் அழுதவள் சிரித்துவிட்டாள். "என்னைப் பாத்து ஒரு நாளாவது இப்படி ஏறியிருக்கா பாரேன்" என்றாள். பிறகு துண்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணித்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"குடுங்கண்ணி, தொவைச்சுப் போட்டுடறேன்."

"தொவைக்காத. அவர் எந்திரிச்சதும் கேப்பாரு."

மறுநாள் ஆலையிலிருந்து வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளித்தேன். மணமில்லாத சோப்பு, அண்ணியின் பழைய சேலை. உள்ளே போய்க் கட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தேன். மூடிய இமைகள் அசையவில்லை. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து, வீட்டில் நான் வந்தது தெரியாமல் அவன் இருந்ததே இல்லை. எண்பத்திரண்டு. ஒன்றே ஒன்று ஏறேன்டா என்று மனது கெஞ்சியது. ஏறிடாதே சாமி என்று கெஞ்சியதும் அதே மனதுதான். எண்பத்திரண்டிலேயே நின்றது. கதவுக் கண்ணாடி வழியே பெஞ்சில் அண்ணி தெரிந்தாள், முடிச்சுப் போட்ட பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் பொத்தி.